சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு மெஷின்

அப்பாவின் ஆக்சிஜன் மெஷினை லிஃப்ட்டுக்கு உருட்டிக்கொண்டு போனபோது அம்மா பின்னாலேயே வந்தாள். கதவு மூடுவதற்குள் எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள்.

"நான் தப்பா எதையாச்சும் அமுக்கிட்டேனான்னு மட்டும் பார்த்துச் சொல்லு பாப்பா. வேற ஒண்ணும் வேணாம்."

நான்கு மாதமாக எங்கள் வீட்டில் இருப்பது இந்த ஒரு கேள்விதான். அப்பாவுக்கு நுரையீரல் நலிந்து போய், கடைசி வருடத்தில், வீட்டுக் காற்றை இழுத்து ஆக்சிஜனாக்கித் தரும் அந்தப் பெட்டி இல்லாமல் மூச்சு இல்லை என்றாகிவிட்டது. ஒரு மத்தியானம், வீட்டில் அம்மா மட்டும் இருந்த நேரத்தில், அப்பாவுக்கு மூச்சு முட்டியது. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா குமிழை இந்தப் பக்கம் திருகினாள், அந்தப் பக்கம் திருகினாள், அணைத்துப் போட்டாள், மறுபடி திருகினாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு அப்பா போய்விட்டார். நுரையீரலே முடிந்துபோய்த்தான் இருந்தது, இன்று இல்லையென்றால் இன்னொரு நாள் என்று டாக்டர் சொன்னார். அது அம்மாவின் காதில் ஏறவே இல்லை. சமைத்துக்கொண்டிருப்பாள், திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு வெறுங்கையால் காற்றில் ஒரு குமிழைத் திருகிப் பார்ப்பாள். இடமா, வலமா என்று.

அவளுக்கு நான் சொல்லாத ஆறுதல் இல்லை. எதுவும் எடுபடவில்லை. இரண்டு மாடி கீழே இருக்கும் ஆண்ட்டியின் கணவருக்கும் போன மாதம் இதே மாதிரி ஒரு மெஷின் வந்தது. அன்றிலிருந்து அம்மா அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். தன் கை பட்டால் அதுவும் கெட்டுவிடும் என்று பயம்.

அதனால்தான் எங்கள் கம்பெனி அனுப்பிய பயிற்சிக்கு நான் அந்த மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களை வடிவமைக்கும் பிரிவில் இருக்கிறேன். இருபது வருட வேலை. வருடத்துக்கு ஒரு முறை இப்படி எதற்காவது அனுப்புவார்கள். ஹோட்டல் சாப்பாடு நன்றாக இருக்கும், சான்றிதழ் கொடுப்பார்கள், திரும்பி வந்து எல்லாவற்றையும் மறந்துவிடுவோம். இந்த முறை டவுனில் ஐந்து நாள். ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்றும், தாங்கும் வடிவமைப்பு என்றும் தலைப்பு. ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். தொழிற்சாலைப் பொருளாக இருக்கக் கூடாது, உங்கள் வீட்டில் உங்களைக் கைவிட்ட பொருளாக இருக்க வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது.

கைவிட்ட பொருள். எங்கள் வீட்டு ஹாலில் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். பிரித்துப் பார்ப்போம், உள்ளே ஏதோ ஒரு பாகம் கெட்டுப் போயிருக்கும், 'உன் மேல் தப்பில்லை' என்று அம்மாவுக்கு என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு அதில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. இவ்வளவு படித்தவளுக்கு அவ்வளவு நம்பிக்கை ஆகாது.

பயிற்சியாளர் அறுபதை நெருங்கும் ஒரு சீனர். குரலை உயர்த்தாமலே ஆளை எழ வைக்கவும் உட்கார வைக்கவும் தெரிந்தவர். ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்றால் அவருக்குக் காப்பியடிப்பது இல்லை. முடிந்துபோன ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்னாலிருந்து ஒவ்வொரு படியாக முன்னால் நடப்பது. இந்த ஸ்குரு ஏன் இங்கே? இந்த மூடி ஏன் இப்படி? யார், என்ன நினைத்து இதைச் செய்தார்? அப்படி நடந்து முதல் காரணத்தைத் தொட்ட பிறகு, மறுபடி முன்னோக்கி வர வேண்டும்: எந்த வீட்டில் எப்படி வைத்தாலும் தாங்குகிற மாதிரி அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். அது இரண்டாவது பாதி.

அவருக்கு ஒரு சட்டமும் இருந்தது. அந்த அறையில் யாரும் 'பயன்படுத்தியவர் தப்பு' என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஐந்து நிமிடம் எழுந்து நிற்க வேண்டும். ஜனங்கள் அவர்கள் இஷ்டப்படிதான் வாழ்வார்கள், அது உங்களுக்குத் தெரியாமல் போனதுதான் தப்பு என்பார்.

முதல் நாளே நான் நின்றேன். யாரோ கொண்டுவந்த மின்சாரச் சோற்றுப் பானையைப் பார்த்து, "உள்பாத்திரத்தை ஈரத்தோட வைச்சிருக்காங்க, பின்ன கெடாம என்ன செய்யும், யூசர் தப்புதான்" என்று என் வாய் முந்திக்கொண்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வகுப்பே சிரித்தது. நின்றபடி நானும் சிரித்தேன்.

என் மேசையில் எனக்குத் துணையாக ஒரு மலாய்ப் பெண். வேறொரு தொழிற்சாலையைச் சேர்ந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னை 'காக்' என்று, மலாயில் அக்கா என்று, கூப்பிடுவாள். செவ்வாய்க்கிழமை காலை இருவரும் மெஷினைத் திறக்க உட்கார்ந்தோம். யாருடையது என்று கேட்டாள். என் அப்பாவுடையது என்றேன். இப்போது எப்படி இருக்கிறார் என்றாள்.

"இப்போ அவருக்கு இது தேவையில்லை" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று முகமெல்லாம் மலர்ந்தாள். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த ஐந்து நாளும் அவள் மட்டுமாவது என் அப்பா குணமாகிவிட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். எனக்கும் அது பிடித்திருந்தது.

முதலில் வெளி மூடி. அதற்குள் காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு ஸ்பாஞ்சு. அதை ஞாயிறு தவறாமல் கழுவிக் காய வைத்தது நான்தான். அது சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்து, அலாரம் சத்தம் வரும் சின்னத் துளைகளுக்கு மேல் கறுப்பாக ஏதோ ஒட்டியிருப்பதை அவள் கண்டாள்.

"யாரோ டேப் ஒட்டியிருக்காங்க காக். பழைய சாமான் விக்கிறவங்க வேலை போல."

பழைய சாமான்தான். தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு குடும்பத்திடம் வாங்கியது. அவர்கள் வீட்டுப் பெரியவர் போன பிறகு விற்றார்கள். கையேடு தொலைந்துவிட்டது என்றார்கள். ஆனால் டேப் ஒட்டியது அவர்கள் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் நடுக்கத்தை அடக்குவதற்கு வைத்திருக்கும் தடித்த டேப் அது. கடைசி மாதம் மஞ்சள் விளக்கு வந்து வந்து போனது. வரும்போதெல்லாம் அலாரம் கத்தும். கத்தினால் அப்பா பயந்து எழ முயற்சி செய்வார், எழுந்தால் மூச்சு வாங்கும். நம்பரைத் தேடிப் பிடித்து, இந்த மெஷின் விற்கும் ஒரு கடைக்குப் போன் செய்தேன். அணைத்துப் போடுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். அணைத்துப் போட்டால் சரியாகவும் ஆனது. எங்கள் கம்பெனியில் அப்போது ஒரு புதுப் பொருள் வெளியாகும் நேரம். அது முடிந்ததும் லீவு போட்டு மெஷினைப் பார்க்கலாம் என்று, கொஞ்சம் டேப்பை எடுத்து வந்து அலாரத்தின் வாயை அடைத்தேன். அப்பா அன்று நன்றாகத் தூங்கினார். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

இதில் எதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. 'அலாரம் பயன்படுத்தியவரால் அடைக்கப்பட்டிருந்தது' என்று அவள் எழுதிக்கொண்டாள். அந்தப் பயன்படுத்தியவளான நான் எதிரில் உட்கார்ந்து ஸ்குருக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை இன்னும் உள்ளே போனோம். பின்பக்கம் இரண்டு ஸ்குரு போட்ட சின்ன மூடி ஒன்று. அதைத் திறந்ததும் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் தெரிந்தது. அந்தப் பெண் குனிந்து முகர்ந்து, "வாசமா இருக்கே, என்ன இது?" என்றாள்.

சாம்பிராணி. எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை.

உள்ளே இருந்த இரண்டாவது ஃபில்டர் வெள்ளையாக இருக்க வேண்டியது. அது வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. விரலை வைத்தால் ஒட்டியது. வெளி ஸ்பாஞ்சு தூசியைத்தான் பிடிக்கும், புகையைப் பிடிக்காது. அதைத் தாண்டி வந்த புகை இங்கே வந்து பிசினாகப் படிந்து, படிந்து, காற்று போக வழியில்லாமல் செய்திருந்தது. காற்று போகவில்லையென்றால் அப்பாவுக்கு என்ன போயிருக்கும்?

நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

ஏன் என்றால் நான் சொன்னதை எல்லாம் அம்மா கேட்டாள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது என்று முதல் நாளே சொன்னது நான். வேலையில் இருக்கிற எல்லா அதிகாரத்தையும் குரலில் ஏற்றிச் சொன்னேன். சாமி மேடையில் எண்ணெய் விளக்கை எடுத்துவிட்டு மின்சார விளக்கு வைத்தாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை மட்டும் விட மாட்டேன் என்றாள். சரி, அப்பா இருக்கும் ரூமுக்குள் கொண்டு போகாதே என்றேன். அதையும் எழுத்துக்கு எழுத்துக் கேட்டாள். ரூம் கதவைச் சாத்தி, அடியில் துணியைச் செருகி, அப்பாவின் நெஞ்சில் ஒரு துளி புகைகூடப் படாமல் பார்த்துக்கொண்டாள். மெஷினோ சத்தம் போடுகிறது, சூடாகிறது என்று ஹாலில் இருந்தது; நீளக் குழாய் கதவிடுக்கு வழியாக ரூமுக்குள் போனது. ஹாலில் எங்கே வைப்பது என்றபோது, சாமி மேடைக்குப் பக்கத்தில் வை, சாமி பார்த்துக்கொள்ளும் என்றாள் அம்மா. நான்தான் உருட்டிக்கொண்டு போய் வைத்தேன். பிளக்கும் அங்கேதான் இருந்தது.

கதவுக்கு உள்ளே அப்பா பத்திரமாக இருந்தார். கதவுக்கு வெளியே அவருக்காக மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பெட்டிக்கு அம்மா சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடப் பிடிக்காமல் ஹோட்டலிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தேன். அம்மா காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள்: டவுனில்தானே இருக்கிறாய், சாம்பிராணி முடிந்துவிட்டது, நம்ம கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வா. அம்மாவுக்குக் கப்பில் வரும் சாம்பிராணி ஆகாது, கட்டிதான் வேண்டும். கடைக்காரருக்கு என்னைத் தெரியும்.

"அம்மாவுக்கா தங்கச்சி? நல்ல சரக்கு வந்திருக்கு. புகை கெட்டியா நிக்கும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். வெறுங்கையோடு போனால் அம்மா ஏன் என்று கேட்பாள்; மெஷினைப் பற்றிக் கேட்டதற்கே வெள்ளிக்கிழமைதான் தெரியும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிற்பகல் முழுவதும் என் கைப்பையிலிருந்து அந்த வாசம், மேசை மேல் அந்த ஃபில்டர்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் தங்கள் பொருளைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் முறை வந்ததும் அந்தப் பெண் சொன்னாள், நான் படங்களைக் காட்டினேன். ஆரம்பக் காரணம், புகை. அறிக்கைத் தாளில், எவ்வளவு நாள் புகை பட்டது என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குள் மெஷின் வந்த நாளிலிருந்து எண்ணி, 'நாற்பத்தொரு வெள்ளிக்கிழமை' என்று நான் எழுதியிருந்தேன். பயிற்சியாளர் எழுந்து அருகில் வந்தார். ஃபில்டரை முகர்ந்து பார்த்தார். வடிவமைத்தவர் கட்டுப்படுத்த முடியாதவை என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்: தூசி, வெயில், மின்சார ஏற்ற இறக்கம். இத்தனை வருடத்தில் பிரார்த்தனை அந்தப் பட்டியலில் வந்ததே இல்லை, அடுத்த வகுப்பிலிருந்து இதைத்தான் உதாரணமாகச் சொல்லப் போகிறேன் என்றார். எண்ணிக்கையோடு எழுதியதற்குத் தனியாகப் பாராட்டினார். முக்கியமான ஃபில்டரை இரண்டு ஸ்குருவுக்குப் பின்னால் ஒளித்தவனைத்தான் நிற்க வைக்க வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த மாதிரி இரண்டு ஸ்குரு மூடிகளைத்தான் இருபது வருடமாக நான் வரைகிறேன். தினம் அதை வரைகிற கை, வீட்டில் ஒரு நாள்கூட அதைத் திறக்கவில்லை. யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வகுப்பில் ஒரு பொருளை வேண்டுமட்டும் திருப்பித் திருப்பிச் சோதிக்கலாம். ஃபில்டரை மாற்றிப் போட்டு ஓட்டலாம், அலாரத்தைத் திறந்து வைத்து ஓட்டலாம். அப்பாவை அப்படி மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாது. எது எவ்வளவு காரணம், டாக்டர் சொன்னது எவ்வளவு, புகை எவ்வளவு, என் டேப் எவ்வளவு என்று எனக்கு என்றைக்கும் தெரியப் போவதில்லை. ஒன்று மட்டும் தெரியும்: அம்மாவுக்கு இது தெரியக் கூடாது. எங்கள் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாம் வரும் வழியெல்லாம், நெரிசலில் நின்று நின்று, சொல்ல வேண்டிய பொய்யை உரக்கச் சொல்லிப் பழகினேன்.

அம்மா தலைக்குக் குளித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

"நீ எதையும் தப்பா அமுக்கலம்மா. உள்ளே ஒரு பாகம் பழசாகிப் போச்சு. யார் திருகியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுதாள். பிறகு சிரித்தாள். நான்கு மாதத்தில் அவள் முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை. எனக்கும் நெஞ்சு லேசானது. பொய் இவ்வளவு சுலபமாக வேலை செய்யும் என்று தெரிந்திருந்தால் முன்னமே சொல்லியிருப்பேன்.

எழுந்தாள். அடுப்பில் கரியைப் பழுக்க வைத்தாள். நான் வாங்கி வந்த பாக்கெட்டைப் பிரித்து, புதுச் சாம்பிராணியைப் பொடித்துப் போட்டாள். கடைக்காரர் சொன்னது சரி, புகை கெட்டியாக நின்றது. சாமிக்குக் காட்டி, அப்பாவின் படத்துக்குக் காட்டி, தூபக்காலைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு நடந்தாள்.

"எங்கேம்மா?"

"கீழ்வீட்டுக்குத்தான். அவங்களுக்கு மெஷின் வந்த அன்னிக்கு, சாமி மேடை பக்கத்துல வைங்க, எங்க வீட்டுல அப்படித்தான் வைச்சோம்னு நான்தான் சொன்னேன். அப்புறம் பயந்துக்கிட்டு அந்தப் பக்கமே தலை காட்டல. பாவம்லா, முட்டி வலியில அவங்களால குனிஞ்சு சாம்பிராணிகூடப் போட முடியாது. இனிமே வாராவாரம் நானே போட்டுட்டு வந்துர்றேன்."

நான் பின்னால் ஓடினேன். படிக்கட்டில் இரண்டு மாடிக்குள் ஒரு நல்ல வாக்கியம் கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை.

ஆண்ட்டி கதவைத் திறந்து, "வாங்கக்கா, எத்தனை நாளாச்சு" என்று அம்மாவின் தோளைத் தொட்டார். ஹாலில், சாமி மேடைக்குப் பக்கத்தில், புது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாய், சாத்தியிருந்த ரூம் கதவுக்கு அடியில் போனது. அம்மா தூபக்காலை உயர்த்திக்கொண்டு அதை நோக்கி நடந்தாள்.

"அம்மா, நில்லு."

"ஏன்?"

அவளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆண்ட்டியைப் பார்த்துச் சொன்னேன். "ஆண்ட்டி, மெஷினை இங்கேயிருந்து எடுத்துருவோம். புகை ஆகாது."

"உங்கம்மாதானே சொன்னாங்க, இங்கே வைக்கச் சொல்லி?" என்றார் ஆண்ட்டி, ஒன்றும் புரியாமல்.

அம்மா தூபக்காலைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். குழாயைக் கண்ணாலேயே தொடர்ந்து கதவு வரை போனாள், சாத்திய கதவில் கொஞ்சம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பொறியாளர்கள் சேர்ந்து இரண்டு நாளில் நடந்த வழியை, ஒரு ஸ்குருகூடக் கழற்றாமல், அவள் நின்ற இடத்திலேயே நடந்து முடித்துவிட்டாள். ஒவ்வொரு படியும் அவள் முகத்தில் எனக்குத் தெரிந்தது. தடுக்க என்னால் முடியவில்லை.

தூபக்காலோடு வெளியே போனாள். நான் அவசரமாக மெஷினை மேடையிலிருந்து தூர, ஜன்னல் பக்கம் உருட்டி வைத்துவிட்டு, பிறகு வந்து எல்லாம் சொல்கிறேன் என்று ஆண்ட்டியிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தூபக்கால் காலடியில் புகைந்துகொண்டிருந்தது.

"அம்மா, அலாரம் கத்தாம டேப் ஒட்டினது நான்தான். அது கத்தியிருந்தா முன்னாலேயே தெரிஞ்சிருக்கும். தப்பு என்னோடது."

"அது எனக்குத் தெரியும் பாப்பா. அப்பா தூங்கட்டும்னு ஒட்டினே. நீ ஒட்டலன்னா நானே துணியைச் சுத்தியிருப்பேன்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என்னை மன்னிப்பதற்கு அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

பிறகு கேட்டாள். "மெஷின் வந்ததிலேர்ந்து எத்தனை வெள்ளிக்கிழமை இருக்கும்?"

காலையில்தான் அந்த எண்ணுக்காக என்னைப் பாராட்டியிருந்தார்கள்.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டு, கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டாள். "மெஷின் வந்தது ஒரு புதன்கிழமை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.